பொறுப்பாளர் நாற்காலி

தன் பெண்டாட்டியைச் சாகடித்தவனை ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்றுதான் தங்கப்பழம் அன்று கோர்ட்டுக்கு வந்தார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், செண்டு வாசனை என்று ஓர் ஆளை மனதுக்குள் நிறுத்தி வைத்து, அவனை என்னென்ன கேட்கவேண்டும் என்று தூத்துக்குடி பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருப்பார் போல. பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

கூண்டில் வந்து நின்றது ஒரு பொம்பளை. முப்பது வயது இருக்கலாம். வெளுத்த பூப்போட்ட சேலை. தங்கப்பழத்தின் கண் முதலில் அவள் காலுக்குத்தான் போனது. பாதத்தின் ஓரமெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் வெள்ளை பூத்திருந்தது. அது உப்பளத்துக் கால். வாலிபம் முழுக்க உப்பளத்தில் மூட்டை தூக்கியவருக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருக்கும் அதே கால்தான்.

"ஏம்மா, டாக்டர் எங்க?" என்று பக்கத்தில் இருந்த தன் வக்கீல் இருதயமேரியின் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தார்.

"டாக்டர்னு யாரும் கிடையாது அண்ணாச்சி. இவதான் பொறுப்பாளர். பேரு ஜெபக்கனி."

"இவளா ஆபரேசன் பண்ணுனா?"

"மெஷின் பண்ணுச்சு."

"அப்பம் இவ என்னத்தப் பண்ணுனா?"

"உக்காந்திருந்தா."

நீதிபதி அம்மா கேட்பதற்கு முன்பே ஜெபக்கனி சொல்லிவிட்டாள். "நாந்தாம்மா விரல வச்சேன். என் கவனக்குறைவுதான். வேற யாரு மேலயும் தப்பு இல்ல." பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, மூச்சு விடாமல்.

முறைப்படி வாக்குமூலம் எழுதி வாங்க அடுத்த வாரத்துக்கு வழக்கைத் தள்ளி வைத்தார்கள். தங்கப்பழம் பஸ்ஸில் சேர்த்து வைத்த வசவெல்லாம் வாய்க்குள்ளேயே கிடந்து புளித்தது. ஆஸ்பத்திரியின் முதலாளி டாக்டர் அருணோதயம் சாட்சி வரிசையில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். கூண்டுப் பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோர்ட்டு வாசல் டீக்கடையில் இருதயமேரி விளக்கினாள்.

"சட்டம் நல்ல சட்டமாத்தான் வந்துச்சு அண்ணாச்சி. மெஷின் வைத்தியம் பண்ண ஆரம்பிச்ச புதுசுல ஆள் செத்தா கேக்க நாதி இல்ல. மெஷினைத் தூக்குலயா போட முடியும்? அதனால ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு மனுஷன் இருக்கணும், அவன் பார்த்து சரின்னு விரல் வச்சாத்தான் மெஷின் கத்தியத் தொடணும், தப்பு நடந்தா அந்த மனுஷன் பதில் சொல்லணும்னு எழுதுனாங்க. ஊரே கைதட்டுச்சு. நானும்தான் தட்டுனேன்."

"அந்த மனுசன் டாக்டரா இருக்க வேண்டியதுதான?"

"மொதல்ல டாக்டர்மாரைத்தான் உக்கார வச்சாங்க. அதுல ஓரிரண்டு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. அப்புறம் ஒருத்தரும் அந்த நாற்காலிப் பக்கம் வரலை. ஆஸ்பத்திரிக் கம்பெனி வக்கீலுங்க சட்டத்தைப் புரட்டிப் பார்த்தாங்க. 'ஒரு மனிதர்'னு இருக்கே தவிர டாக்டர்னு இல்ல. முடிஞ்சுது. இப்ப எட்டாங்கிளாஸ் படிச்சாப் போதும்."

நாற்காலி வேலை என்று தங்கப்பழமும் கேள்விப்பட்டிருந்தார். அவர் தெருவிலேயே அது கிடைக்கவேண்டும் என்று கோயிலுக்கு நேர்ச்சை போட்டவர்கள் உண்டு. ஏ.சி. ரூமில் உட்கார்ந்து விரல் வைக்கிற வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், ஜெயிலுக்குப் போனாலும் வீட்டுக்குச் சம்பளம். அது எதற்கான சம்பளம் என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

"கெடாவுக்கு மால போட்டு நிறுத்துத மாதிரிதான" என்றார்.

"அதேதான். இவ ஒத்துக்கிட்டா ரெண்டு வருஷம் உள்ள போவா. கேஸ் முடிஞ்சுது. பொறுப்பாளர் கிடைச்சுட்டா ஆஸ்பத்திரிய ஒரு கேள்வி கேக்க முடியாதுன்னு சட்டத்துலயே இருக்கு."

"அவ வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லலாம்னுதான் சட்டம் சொல்லுது. சொல்ல வழி இருந்துச்சா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்? அந்த ரூமுக்குள்ள கோர்ட்டையே விட மாட்டாங்க. தொழில் ரகசியமாம்." அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "உங்களுக்கு என்ன வேணும் அண்ணாச்சி? அதைச் சொல்லுங்க மொதல்ல."

தங்கப்பழத்துக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "கொன்னவன் என் மூஞ்சப் பாத்து, நாந்தான் கொன்னேன்னு சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

சண்முகவடிவுக்குப் பித்தப்பையில் கல். உயிர் போகிற வியாதி இல்லை. பைபாஸ் ரோட்டில் புதிதாக வந்த ஆஸ்பத்திரியில் காலையில் படுத்தால் மறுநாள் வீட்டுக்கு வரலாம் என்றார்கள். வாசலில் ஆள் உயரக் கண்ணாடிப் பலகை ஒன்று வணக்கம் சொன்னது. பேர், வயசு, என்ன செய்கிறது என்று வரிசையாகக் கேட்டது. வடிவு அதை ஒரு மனுஷி என்றே நினைத்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பதில் சொன்னாள்.

"எம்மா, சீழ் புடிக்காம இருக்க ஒரு ஊசி போடுவாவல்லா, அது மட்டும் எனக்கு வேண்டாம் தாயி. மூத்தவன் பொறந்தப்ப தர்மாஸ்பத்திரில போட்டாவ. மூஞ்செல்லாம் வீங்கி, மூச்சு நின்னு, எமன் வாசல் வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"தகவல் பதிவு செய்யப்பட்டது" என்றது பலகை. வடிவு திரும்பி, "நல்ல பிள்ளையா இருக்கு" என்று தங்கப்பழத்திடம் சொன்னாள். அவர் கேட்ட அவளுடைய கடைசிப் பேச்சு அதுதான்.

அந்த ஊசியைத்தான் போட்டார்கள். மூஞ்சி வீங்கித்தான் கிடந்தாள், துணியை விலக்கிக் காட்டியபோது. ஏன் போட்டீர்கள் என்று கேட்டதற்கு, வாசல் பலகையைப் போலவே பேசுகிற ஒரு பையன் வந்து விளக்கினான். அம்மா சொன்ன தகவலுக்கு மருத்துவ ஆவணம் எதுவும் இணைக்கப்படவில்லையாம். ஆவணம் இல்லாத தகவலுக்கு மெஷின் குறைந்த மதிப்புதான் கொடுக்குமாம். முப்பது வருசத்துக்கு முந்தி தர்மாஸ்பத்திரியில் கிழித்துக் கொடுத்த துண்டுச் சீட்டை அவள் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டுமாம். ஒருத்தி தன் உடம்பைப் பற்றித் தானே சொன்னால் அது சொல் இல்லை, தாளில் இருந்தால்தான் சொல். தங்கப்பழம் அன்று அந்தப் பையனை அடித்திருப்பார். நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

கோர்ட்டு முடிந்த மறுநாள் முற்பகலில் அவர், ஜாமீனில் இருந்த ஜெபக்கனியின் வீட்டைத் தேடிப் போனார். இருதயமேரிக்குச் சொல்லவில்லை. சொன்னால் போகாதே என்பாள். வக்கீல்மாருக்கு எல்லாவற்றிலும் ஒரு போகாதே இருக்கும்.

உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் கடைசி வீடு. மற்ற வீடுகளுக்கு ஓலையும் தகரமும். இதற்கு மட்டும் புது கான்கிரீட் கூரை. வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். உப்பு வெள்ளையைப் பார்த்துப் பார்த்துப் பார்வை போனவன். அவள் புருஷன். ஒரு சின்னப் பெண்குழந்தை நசுங்கிய எவர்சில்வர் டிபன் டப்பாவில் இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது. டப்பாவின் ஒரு பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. இந்தக் கூரைக்குக் காசு இருக்கிறது, ஒரு டப்பா வாங்க இல்லையா என்று தங்கப்பழத்துக்கு எரிச்சல்தான் வந்தது.

ஜெபக்கனி அவரைப் பார்த்ததும் கையில் இருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"வாங்க அண்ணாச்சி" என்றாள். பிறகு, "அடிக்கணும்னா உள்ள வந்து அடியுங்க. புள்ள பயப்படும்."

அவர் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"என்ன நடந்துதுன்னு சொல்லுட்டி. அது போதும்."

"நாந்தான் விரல வச்சேன். என் கவனக்குறைவுதான். வேற யாரு..."

"ஏய், நிப்பாட்டு! அந்தப் பாட்ட நேத்தே கேட்டுட்டேன்."

வெளியே கஞ்சி உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணாச்சி, ஒங்க காலப் புடிச்சிக் கேக்கேன். என்னைய ஜெயிலுக்கு அனுப்பிருங்க. நான் உள்ள போனா இவியளுக்கு மாசாமாசம் சம்பளம் வரும். வெளிய நின்னு ஒரு வார்த்த கூடப் பேசுனேன்னா எல்லாம் நின்னு போவும். இந்த மனுசனுக்குக் கண்ணு இல்ல. என்னைய உப்பளத்துலயும் திருப்பிச் சேக்க மாட்டாவ. ரெண்டு வருசம்தான அண்ணாச்சி? நான் இருந்துட்டு வந்துருதேன். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

தங்கப்பழம் இதுவரைக்கும் எத்தனையோ பேருக்குச் சாபம் விட்டிருக்கிறார். ஜெயிலுக்கு அனுப்பு என்று காலைப் பிடித்தவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவர் எழுந்துவிட்டார்.

"அவ கடைசியில ஏதாவது சொன்னாளா?" என்று வாசற்படியில் நின்று கேட்டார்.

ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்று ஆட்டினாள். அவள் எதையோ விழுங்கினாள் என்பது அவருக்குத் தெரிந்தது. நம்பவில்லை. அவர் யாரையும் நம்புகிற ஆள் இல்லை.

வாக்குமூலத்து நாளில் கோர்ட்டு நிரம்பி இருந்தது. ஜெபக்கனி அதே வாய்ப்பாட்டை ஒப்பித்தாள். கிளார்க் தட்டெழுதி முடித்தார். ஆஸ்பத்திரியின் கம்பெனி வக்கீல் மேசைமேல் இருந்த தாள்களை அடுக்கிப் பைக்குள் வைக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"ரேகை வைம்மா" என்று கிளார்க் ஒரு சின்னப் பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். கோர்ட்டிலும் இப்போது எல்லாம் ரேகைதான்.

அவள் கட்டைவிரலை வைத்தாள். பெட்டி சிவப்பாக மின்னியது.

"சரியா வை."

வைத்தாள். மறுபடியும் சிவப்பு.

"தலையில தேய்ச்சுட்டு வைம்மா, எண்ணெ படட்டும்." ரேஷன் கடையில் சொல்வதையே கிளார்க்கும் சொன்னார். அவள் தலையில் தேய்த்தாள், சேலையில் துடைத்தாள், ஊதினாள், இடது விரலை வைத்தாள். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பின் வரிசையில் யாரோ, "அக்கா, சீனி ஸ்டாக் இல்லையாம்" என்றான். கோர்ட்டே சிரித்தது.

தங்கப்பழம் சிரிக்கவில்லை. தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். உப்பு தின்று வழவழவென்று, சோப்புத் துண்டு மாதிரி இருந்தது. மாதாமாதம் அரிசி வாங்க அவரும் இதே கூத்துதான் ஆடுகிறார். உப்பளத்துக்காரன் எவனுக்கும் ரேகை விழாது.

"அம்மா, கையெழுத்தே போதும். சட்டத்தில் இடம் இருக்கு" என்று கம்பெனி வக்கீல் எழுந்தார். கொஞ்சம் அவசரமாக.

நீதிபதி அம்மாவும் தலையை ஆட்டி, பேனாவைக் கொடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அந்த நேரத்தில் ஜெபக்கனி திரும்பித் தங்கப்பழத்தைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் அண்ணாச்சி என்று அவள் கண் கெஞ்சியது. பேசாமல் இருந்தால் எல்லாம் முடிந்துவிடும். அவருக்கு வழக்கு ஜெயித்துவிடும். அவள் வீட்டில் அடுப்பு எரியும். எல்லாருக்கும் நல்லது; வடிவு ஒருத்திக்குத்தான் ஒன்றும் இல்லை.

அவர் எழுந்து நின்றார்.

"தாயே, ஒரு கேள்வி."

"உங்க வக்கீல் மூலமா கேளுங்க பெரியவரே."

"அவிய கேட்டா இங்கிலீசுல கேப்பாவ. நான் தமிழ்லயே கேக்கேன். இந்தப் பிள்ளைக்கு இங்க ரேகை விழல. ரேசன் கடையிலயும் விழாது. ஒங்க சட்டத்துப்படி, விரல வச்சாத்தான அங்க மெசினு கத்தியத் தொடும்? இங்க விழாத ரேக அங்க மட்டும் எப்படி விழுந்துது?"

இருதயமேரி அவரை அண்ணாந்து பார்த்துவிட்டு மெல்ல எழுந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள். டாக்டர் அருணோதயம் முதல் தடவையாகச் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நாசமாப் போவீரு!" என்று கூண்டிலிருந்து ஜெபக்கனி கத்தினாள். "என் புள்ள வாயில மண்ணள்ளிப் போட்டுட்டீரே! ஒம்ம நான் என்ன செஞ்சேன்?"

அவர் வாங்கிக்கொண்டார்.

நீதிபதி அம்மா நாற்காலியை விட்டு எழுந்தார். "வண்டியை எடுக்கச் சொல்லுங்க. அந்த ரூமை நான் பார்க்கணும். இப்பவே. எல்லாரும் என் கூட வர்றீங்க. யாரும் போனை எடுக்கக் கூடாது."

"அம்மா, தொழில் ரகசியம்..." என்று கம்பெனி வக்கீல் இழுத்தார்.

"ரகசியமாவே பார்க்கிறேன். வாங்க."

வாசல் பலகை எல்லாருக்கும் வணக்கம் சொன்னது. தங்கப்பழம் அதன் மேல் காறித் துப்பிவிட்டுத்தான் உள்ளே போனார். ஒருவரும் தடுக்கவில்லை.

பொறுப்பாளர் ரூம் மூன்றாவது மாடி. நல்ல குளிர். ஒரு நாற்காலி, மெத்தை வைத்தது. எதிரே பெரிய கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. மேசைமேல் ஒரு ஆள் மயங்கிக் கிடந்தான், வயிறு திறந்திருந்தது, சிலந்திக் கால் மாதிரி நீளநீளமாக இரும்புக் கைகள் அதற்குள் போய் வந்துகொண்டிருந்தன. உள்ளே மனித வாசனை கிடையாது.

நாற்காலி காலியாக இருந்தது.

நாற்காலியின் கைப்பிடியில் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு. அதன் மேல் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது ஒரு ரப்பர்க் கட்டைவிரல். யார் செய்தார்களோ, நகம்கூட வைத்துச் செய்திருந்தார்கள்.

"வேலைக்குச் சேந்த அன்னைக்கே என் விரல் விழல" என்றாள் ஜெபக்கனி. அழுது முடித்துக் குரல் கட்டியிருந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ. "சூப்ரவைசர் சார் யார் ரேகையையோ செதுக்கி இத மாட்டிட்டாவ. என் பேருல பதிஞ்சிட்டாவ. நீ சும்மா உக்காந்திரு, உள்ள ஆள் இருக்கான்னு மெசினு மூச்சு பாக்கும், அது போதும்னாவ."

"மூச்சு பார்க்கணும்னா இப்ப நாற்காலியில யாரும் இல்லையே?" என்றார் நீதிபதி அம்மா.

அதே நேரத்தில் சுவரிலிருந்து ஒரு குரல் வந்தது. மரியாதையான குரல். "பொறுப்பாளர் ஜெபக்கனி அவர்களே, அடுத்த கட்டத்துக்கான ஒப்புதலுக்கு நன்றி."

ஜெபக்கனி நீதிபதி அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னட்டி" என்றார் தங்கப்பழம். "நீ கூண்டுல நின்ன இத்தன நாளும் இங்க ஆபரேசன் பண்ணிக்கிட்டா இருந்திருக்க?"

டாக்டர் அருணோதயம் தொண்டையைச் செருமினார். மூச்சு பார்க்கிற கருவி பழுது, மாற்றுவதற்கு எழுதிப் போட்டிருக்கிறது, புதுப் பொறுப்பாளரும் வரவிருக்கிறார் என்று என்னென்னவோ சொன்னார்.

தங்கப்பழம் அதைக் காதில் வாங்கவில்லை. நாற்காலியைச் சுற்றிச்சுற்றி வந்தார். குனிந்து கைப்பிடிக்கு அடியில் தடவிப் பார்த்தார். "சரிங்கதுக்கு இந்தத் தட்டு. வேண்டாம்ங்கதுக்கு எங்க வைக்கணும்?"

அப்படி ஒன்று அங்கே இல்லை.

கோர்ட்டுக் கிளார்க் கடமையில் கெட்டிக்காரர். சாட்சிப் பொருள் என்று சொல்லிக்கொண்டே செல்லோடேப்பைக் கிழித்து, ரப்பர் விரலை எடுத்து, ஒரு கவரில் போட்டு ஒட்டியும் விட்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரும்புக் கைகள் அந்தரத்தில் நின்றன.

"பொறுப்பாளர் விரல் விலகியுள்ளது. சிகிச்சை நிறுத்தப்பட்டுள்ளது. தொடர, பொறுப்பாளர் விரல் வைக்கவும். புதிய பொறுப்பாளரும் வைக்கலாம்."

"ஐயையோ, அதைத் திருப்பி ஒட்டுங்க!" என்று அருணோதயம் கவரைப் பறிக்கப் பாய்ந்தார். செல்லோடேப்போடு சேர்ந்து ரப்பரின் தோல் உரிந்து வந்துவிட்டது. தட்டில் வைத்தால் சிவப்பு.

உள்ளே வயிறு திறந்த ஆள் கிடந்தான். ஏதோ ஒரு பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"யாராவது விரலை வைங்க! ரத்தம் போயிட்டு இருக்கு!" என்றார் அருணோதயம். 'யாராவது' என்றுதான் சொன்னார்.

ஜெபக்கனி ஓடிப்போய்த் தன் விரலை வைத்தாள். சிவப்பு. தங்கப்பழம் தன் விரலை வைத்து அழுத்தினார். சிவப்பு. ரேகை இருக்கிறவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். தங்கப்பழம் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். கம்பெனி வக்கீல் கை பேண்ட் பைக்குள் போனது. கிளார்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். இருதயமேரியின் கை, அவருடைய சொந்த வக்கீலின் கை, அங்கிக்குள் ஒளிந்துகொண்டது. நீதிபதி அம்மாவின் கைகூட முந்தானையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. சட்டம் படித்த கைகள். வைத்தால் என்ன ஆகும் என்று தெரிந்த கைகள்.

அருணோதயம் இரண்டு கையையும் அக்குளுக்குள் வைத்துக்கொண்டு, "யாராவது..." என்றார் மறுபடியும்.

மூட்டை தூக்கிய உடம்பு வயசானாலும் பிடியை மறக்காது. தங்கப்பழம் அவர் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். அருணோதயம் துள்ளினார், கத்தினார். அவர் கட்டைவிரலை நீட்டிப் பிடித்துத் தட்டில் வைத்து அழுத்தினார் தங்கப்பழம். பூப்போன்ற விரல். ரேகை ஒவ்வொன்றும் கோலம் போட்ட மாதிரி இருந்தது.

பச்சை.

"நன்றி. பொறுப்பாளர் டாக்டர் அருணோதயம் அவர்களே, இனி நோயாளியின் உயிருக்கு நீங்களே பொறுப்பு" என்றது குரல். இரும்புக் கைகள் மறுபடி அசைந்தன.

"அம்மா! பார்த்தீங்களா? இது வன்முறை! நீங்களே சாட்சி!"

"நான் நோயாளியைப் பார்த்துட்டு இருந்தேன் டாக்டர்" என்றார் நீதிபதி அம்மா, கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டு. "நீங்களும் பாருங்க. இப்ப அது உங்க வேலை."

அருணோதயம் பார்த்தார். அதற்குப் பிறகுதான் பார்த்தார். அவர் முகம் மாறியது. தட்டுத்தடுமாறிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனார்.

"இது என்ன பண்ணுது? இரத்தக்குழாயைப் பிடிக்காம மேல போகுது. ஏய், அதை நிறுத்து! நிறுத்த எதைத் தொடணும்?" சுவரெல்லாம் தடவிப் பார்த்தார். "டாக்டரைக் கூப்பிடுங்க! கட்டடத்துல ஒரு டாக்டர்கூட இல்லையா? நர்ஸ்! கிளவுஸ் கொண்டா! கிளவுஸ்!"

கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அவரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். அந்த ஆஸ்பத்திரி கட்டிய நாளில் இருந்து ஒரு நோயாளிக்காக ஒரு டாக்டர் ஓடியது அன்றைக்குத்தான் முதல் தடவை. உள்ளே போய் ஒரு இரும்புக் கையைத் தோளால் முட்டித் தள்ளினார். தன் கையை அந்த வயிற்றுக்குள் விட்டு எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கீச்சுச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

மேசையில் கிடந்தவன் பிழைத்துக்கொண்டான். அவன் யார், எந்த ஊர் என்று தங்கப்பழத்துக்குத் தெரியாது.

அருணோதயம் வெளியே வந்தபோது சட்டை முழுக்க ரத்தம். தங்கப்பழத்துக்கு எதிரே நின்றார். அவர் வாய் திறந்து மூடியது. நாந்தான் என்று சொல்லவில்லை. ஆனால் தங்கப்பழத்தின் மூஞ்சியைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார், பார்வையை எடுக்க அவருக்கு வரவில்லை.

"இது ஒமக்குத் தெரிஞ்ச வேலதான?" என்றார் தங்கப்பழம். "என் வடிவு கெடந்தப்ப எங்கவே போனீரு?"

நீதிபதி அம்மா கிளார்க்கிடம் ஏதோ எழுதச் சொன்னார். ஆஸ்பத்திரியைப் பூட்டச் சொன்னார். நாளைக்கு மேல்கோர்ட்டுக்குப் போவார்கள், தடை வாங்குவார்கள், சட்டத்தில் வேறு ஏதாவது வார்த்தையைக் கண்டுபிடிப்பார்கள். தங்கப்பழத்துக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருதயமேரி பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, என் கையை..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியும். போம்மா" என்றார்.

எல்லாரும் இறங்கிப் போனார்கள். ஜெபக்கனி மட்டும் கண்ணாடிச் சுவரின் ஓரத்தில் நின்றிருந்தாள். சம்பளம் போய்விட்டது. வீட்டில் போய் என்ன சொல்வது என்று யோசிக்கிறாள் என்று நினைத்து அவர் அவள் பக்கம் போனார். மன்னிப்புக் கேட்கத்தான் போனார். அவருக்கு அந்த வார்த்தை பழக்கம் இல்லை.

அவள் கண்ணாடியின் ஒரு மூலையைக் காட்டினாள். நெஞ்சு உயரத்தில், ஒரே இடத்தில், சின்னச் சின்னக் கீறல்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக.

"அக்கா மொகம் வீங்குதது எனக்கு இங்கருந்தே தெரிஞ்சுது அண்ணாச்சி. கத்துனேன். கதவு வெளிய பூட்டி இருந்துது. கைல இருந்தத வச்சி அடிச்சேன். யாருக்கும் கேக்கல. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ."

தங்கப்பழம் அந்தக் கீறல்களைத் தடவிப் பார்த்தார். வழவழத்த விரலுக்கு அவை நன்றாகவே தட்டுப்பட்டன. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"இன்னும் ஓங்கி அடிச்சிருக்கலாம்லாட்டி" என்றார்.

"ஓங்கித்தான் அடிச்சேன் அண்ணாச்சி" என்றாள் ஜெபக்கனி. "டப்பாதான் நசுங்கிப் போச்சு."